சொட்டண்ணனின் கை தவறிய சனிக்கிழமை

மாத்தளை மாவட்டத்தில் எண்ணெயை அவரளவுக்கு வெறுத்த மனிதர் வேறு எவரும் இருந்திருக்க முடியாது. அவருடைய வேலையே எண்ணெய் போடுவதுதான்.

இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். எல்லோருக்கும் சொட்டண்ணன். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். இலையை உருட்டிக் கசக்கும் ரோலரிலிருந்து ஒரு சொட்டு இலையில் விழுந்தால் அன்றைய தூள் முழுவதும் குப்பை. ஆகவே கோழி இறகின் நுனியால் எண்ணெய் தொட்டு வைப்பார். வைத்ததைத் துடைப்பார். துடைத்த துணியை முகர்ந்து பார்ப்பார்.

நான் அங்கே கணக்கெழுதும் கிளாக்கராகச் சேர்ந்த முதல் நாள், வாசலிலேயே மறித்தார்.

"கிளாக்கரையா, தலையில என்னா?"

"தேங்காய் எண்ணெய்."

"கழுவிட்டு வாங்க. தூளுக்கு மணம் ஏறிரும்."

கழுவிவிட்டு வந்தேன். கோயில் பூசாரிக்கும் இதே கதிதான். விளக்கு வழிய எண்ணெய் ஊற்றியவரிடம், "என்னா பூசாரி, அம்மன வழுக்கி விழ வைக்கப் போறீங்களா?" என்று கேட்டவர் இவர்.

எண்பதுகளின் கடைசி, கிளர்ச்சிக் காலம் அது. காலையில் பாதையோரம் கிடந்த பிணங்களைப் பார்த்தவர்கள், பார்த்ததாகச் சொல்லவில்லை. பெயரில்லாத ஒரு காகிதம் சொன்னால் கடைகள் மூடின. அப்படியொரு காகிதம் எங்கள் தொழிற்சாலைக் கதவிலும் ஒட்டியிருந்தது. தோட்ட மனேஜரான துரை தோட்டத்தை விட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் கொல்லப்படுவார். துரை போகவில்லை. அனுமதிப் பத்திரத்தோடு ஒரு பிஸ்டல் வாங்கினார்.

முதல் தடவை அதைக் கழற்றிச் சுத்தம் செய்த துரை, எண்ணெயில் குளிப்பாட்டினார். சொட்டண்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இதுவும் மெஷின்தானுங்களே தொரை. இங்க குடுங்க."

வழிந்ததை எல்லாம் துடைத்து எடுத்தார். மேல் உறை ஓடும் இரண்டு தடங்களுக்கும் ஒவ்வொரு சொட்டு. குழலின் வெளிப்புறத்துக்கு ஒன்று. விசைக்கருகே இறகு நுனியால் ஒரு தொடுகை. நாலு முறை இழுத்துவிட்டு, மேலே கசிந்ததையும் துடைத்தார்.

"விரலுக்கு வழுக்கணும். விரல்ல ஒட்டக் கூடாது."

"இந்த ஓட்டைக்கு?" என்றார் துரை.

"அது ஊசி போற வழிங்க. ஒண்ணும் வேணாம். இந்தக் குளிர்ல எண்ணெய் தூங்கிரும். அப்புறம் ஊசி சரியா அடிக்காது, தோட்டா வெடிக்காது."

"அப்ப நான் செத்துப் போவேன்?"

"ஆமாங்க. எண்ணெயால."

துரை சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பிஸ்டல் சொட்டண்ணனிடம் வந்தது.

துரையின் பங்களாப் படியேறுபவர்கள் தங்கள் பெயரை மூன்று முறை கூவ வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. உடம்பில்லாத பெயர்கள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஏறி வரும். "மாரியாயி! மாரியாயி! மாரியாயி!" பால்காரர் "பால்! பால்! பால்!" என்றார். அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஒரு நாள் நானும் சொட்டண்ணனும் கூவிக்கொண்டே மேலே போனோம். துரை விறாந்தையில் நின்று, பனியைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். கையில் பிஸ்டல்.

"யாருங்க தொரை?"

"மூணு பேர். காலையிலயிருந்து நிக்கிறாங்க."

கொடியில் மூன்று போர்வைகள் காய்ந்தன. காற்றே இல்லை. நடுவிலிருந்தது மட்டும் மெல்ல அசைந்தது.

இறங்கும்போது பாதி வழியில் சொட்டண்ணன் நின்றார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு கிளாக்கரையா. ஓட்டுறவருக்குத்தான் கோளாறு. யாரையாச்சும் சுட்டுருவாரு."

"டாக்டரிடம் சொல்லலாம்."

"யாரு சொல்றது?"

யாரும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை, எண்ணெய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் தனியாகத் துடைத்தார்.

திங்கட்கிழமை எனக்குத் தடிமன் பிடித்துக் குரல் அடைத்திருந்தது. மதியத்துக்குப் பிறகு அவசரக் கடிதமொன்றை எடுத்துக்கொண்டு, மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டபடி பங்களாவுக்குப் புறப்பட்டேன். படியேறிப் பெயரைக் கூவ வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். மறுபடி காற்று. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது பனி விலகியது.

பத்தடி மேலே துரை. இரண்டு கைகளாலும் பிடித்த பிஸ்டல் என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. கைகளை உயர்த்தினேன். சாக்கு சரிந்து முகத்தை மூடியது.

'டிக்' என்றது.

மேல் உறையை இழுக்கும் சத்தம். ஒரு தோட்டா படிப்படியாகக் குதித்து வந்து என் செருப்பில் முட்டி நின்றது. மீண்டும் 'டிக்.'

"ஐயோ தொரை, நம்ம கிளாக்கரையா!" சமையல்காரர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

துரை என்னைப் பார்க்கவில்லை. பிஸ்டலைக் கவிழ்த்தார். ஊசி போகும் துளையிலிருந்து, ரோலர் பற்சக்கரத்துக்குப் போடும் கெட்டி எண்ணெய், விறாந்தையில் கறுப்பாக நூல்போல் இறங்கியது.

சொட்டண்ணன் வரவழைக்கப்பட்டார்.

"என்னா இது?"

"கை தவறிருச்சுங்க தொரை."

முப்பது வருஷம் தவறாத கை. வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லியிருந்தால், காகிதம் ஒட்டியவர்களின் ஆள் என்று ஆகியிருக்கும். அந்த வருஷம் அப்படிச் சந்தேகத்தின்பேரில் கூட்டிச் செல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பேசாமல் இருக்கச் சொன்னார் என்று புரிந்தது.

அவரைத் தொழிற்சாலையிலிருந்து நீக்கி, மலையில் புல்வெட்ட அனுப்பினார்கள். "எண்ணெயில வழுக்கி விழுந்தவரு" என்று தொழிலாளர் லயமெல்லாம் சிரித்தது. அந்த நீக்கக் கடிதத்தைத் துரை சொல்லச் சொல்ல எழுதியவன் நான். "காரணம்: கவனக்குறைவு."

பிறகு பல வருஷங்கள் பத்திரிகையில் வேலை செய்தேன். பிழையான செய்திக்கு மறுநாளே திருத்தம் போடுவோம். இந்தத் திருத்தம் மிகவும் பிந்திவிட்டது. அன்று நான் எழுதிய காரணம் பிழை. அவ்வளவு கவனமாக என்னை யாரும் பார்த்துக்கொண்டதில்லை.