வெசாக் நாளில் காணாமல் போன மணப்பெண்

பதற்றமே இல்லாமல் கல்யாணம் செய்வது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு, மாலையும் கழுத்துமாக, செருப்புகூட இல்லாமல், மணப்பெண்ணைத் தேடி எஹலியகொட வீதியில் ஓடிய மாப்பிள்ளை நான். (ஓடியது கொஞ்சத் தூரம்தான். பிறகு முச்சக்கர வண்டி கிடைத்துவிட்டது.)

தொண்ணூறுகளின் கடைசி. மன அமைதி பற்றிய புத்தகம் ஒன்றைப் பாதி படித்திருந்தேன். அந்தப் பாதி போதாதா? கல்யாணத்தை, புத்தர் பிறந்த பௌர்ணமியான வெசாக் போயாவில் வைத்தேன். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் லீவு. பெண்ணழைப்பையும் ரத்துச் செய்தேன். தெஹியோவிட்டவிலிருந்து பெண்வீட்டார் தாங்களே பஸ்ஸில் வந்துவிடட்டும்.

"நம்ம ஆளுங்க போயி கூட்டியாறதுதான்டா மொற," என்றார் என் தாய்மாமா.

"டென்ஷன் ஆகாதீங்க மாமா. எல்லாம் தானா நடக்கும்."

எல்லாம் தானாகத்தான் நடந்தது. பஸ் மட்டும் வரவில்லை. பன்னிரண்டு மணியோடு முகூர்த்தம் முடிகிறது. பதினொன்றாகியும் கோயிலில் எங்கள் ஆட்கள் மட்டுமே. விட்டால் அடுத்த மாதம்தான் என்றார் ஐயர். மாமா என் காதருகில் குனிந்தார்.

"ஏன்டா, இப்ப டென்ஷன் ஆகலாமா?"

அப்போதுதான் ஓடினேன்.

முதல் வளைவிலேயே கொடி பிடித்து வண்டியை மறித்தார்கள். தன்சல்! வெசாக் அன்று வீதியில் போகிறவர்களை நிறுத்தி, வயிறு நிறைய இலவசமாகக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம், நாள் குறிக்கும்போது நினைவுக்கே வரவில்லை. புத்தகத்தின் மறுபாதியில் இருந்ததோ என்னவோ!

"பெண்ணைக் காணவில்லை ஐயா," என்று சிங்களத்தில் கெஞ்சினேன். அப்படியானால் வெறும் வயிற்றோடு தேடக்கூடாது என்று அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கையில் திணித்தார்கள். அடுத்த வளைவில் கொத்தமல்லித் தண்ணீர். அதற்கடுத்ததில் ஐஸ்கிரீம். அங்கேதான் பஸ் நின்றது. பட்டுச்சேலையும் நகையுமாக, வரிசையின் முன்னால், என் வருங்கால மனைவி செல்வி.

"இது எத்தனாவது தன்சல்?" என்று அலறினேன்.

"எண்ணல. நீங்கதான டென்ஷன் வேணாம்னு சொல்லி விட்டீங்க? இந்தாங்க, ஒங்களுக்கும் ஒன்னு. சீக்கிரம், உருகுது."

எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி, மிதிபலகையில் தொங்கிக்கொண்டு "நெகத! நெகத!" என்று கத்தினேன். சிங்களத்தில் நல்ல நேரம். என்ன அதிசயம்! நல்ல நேரத்தைத் தவறவிட அவர்களுக்கும் மனம் வராதே. கொடிகள் எல்லாம் கீழே இறங்கின. ஓரிடத்தில் கை தட்டி வழியனுப்பியும் வைத்தார்கள்.

பன்னிரண்டுக்குச் சற்று முன் தாலி கட்டினேன். விரலெல்லாம் ஐஸ்கிரீம் பிசுக்கு. முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

பந்தியில்தான் பெண்வீட்டார் ஒருவரும் உட்காரவில்லை. யார் வயிற்றிலும் இடமில்லை. கடைசியில் மாமா சாப்பாட்டுச் சட்டிகளை வீதிக்குத் தூக்கிவரச் சொல்லி, கொடி பிடித்து, வருகிற வாகனங்களை எல்லாம் மறிக்கத் தொடங்கினார். என் கல்யாண விருந்தும் தன்சலானது.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் தாமதமாக வந்தாலும் முதல் கேள்வி, "எத்தன தன்சல்?" என்பதுதான்.

அன்று மாலை, எங்கள் தன்சலிலும் ஒரு கை பார்த்துவிட்டு, என் மாமனார் ஏப்பத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வழி நெடுக நல்ல கவனிப்பு மாப்பிள்ள. ஒங்க எடத்துலதான் உப்பு கொஞ்சம் கம்மி."