பெரியவர் ரெண்டு, சின்னவர் ரெண்டு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே மூன்றாவது மாடியில் நானும் உன் அண்ணியும் சௌக்கியம். அங்கே கீழ்த்தளத்தில் நீயும் உன் மனைவியும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் இன்று சாயங்காலம் வரை உன்னோடுதானே வேலை பார்த்தேன், பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தாய், வாயைத் திறக்கவில்லை என்பதைத் தவிர வேறு குறை தெரியவில்லை. முதலில் 'சின்னவருக்கு' என்றுதான் ஆரம்பித்தேன். ஊரே உன்னை அப்படித்தானே கூப்பிடுகிறது. எழுதின கையோடு அடித்துவிட்டேன். அந்த வார்த்தைதான் இப்போது நம் இரண்டு பேருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதம் ஒரு கேடா என்று நீ கேட்கலாம். நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் நேற்று படியிறங்கி வந்தேன். லிஃப்ட் பழுது பார்த்தே பிழைக்கிற அண்ணன் தம்பி குடியிருக்கும் வீட்டில் லிஃப்ட் கிடையாது, என் முழங்கால் இருக்கிற இருப்பில் மூன்று மாடி இறங்குவது என்ன லேசா? இறங்கி வந்து உன் கதவு மணியில் விரலை வைத்தவன், அழுத்தத் தைரியமில்லாமல் அப்படியே திரும்பி ஏறினேன். ஆகவே இதை எழுதிக் காலையில் உன் கருவிப் பெட்டியில் ஸ்பேனருக்கு அடியில் வைத்துவிடப் போகிறேன். கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

நடந்தது என்னவென்றால், இந்தக் கப்பல் யோசனையே உன் அண்ணியுடையது. வருஷா வருஷம் குளிர்கால விடுமுறை வந்தால் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும், நமக்கு மட்டும் அப்போதுதான் லிஃப்ட் எண்ணெய் கெட்டிப்பட்டு, கூண்டு தளத்துக்குச் சரியாக வந்து நிற்காமல் ஒரு சாண் கீழே நின்றுகொண்டு உயிரை வாங்கும். இந்த வருஷம் எதிர்த்தெரு மெக்கானிக், அதுதான் நாம் முட்டைக்கண்ணன் என்போமே அவன், ஒரு வாரம் தானே பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்ததும் உன் அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. "கோட்டும் சாக்ஸும் இல்லாம ஒரு வாரம் எங்கயாவது உக்காரணும். நாம நாலு பேரும் போகணும். கப்பல்ல போகணும்" என்றாள். ஆக, எந்தக் கப்பல் என்று பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. பயண ஏஜென்சியில் ஒரு பெண், தங்கமான பெண், முதலில் ஒரு ராட்சசக் கப்பலின் படத்தைக் காட்டினாள். மூன்று நீச்சல்குளம், நாடக அரங்கம், பனிச்சறுக்கு என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் நியாயமாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "லிஃப்ட் எத்தனைம்மா? கடைசியா எப்போ எடை வச்சுச் சோதிச்சாங்க?" அவள் திருதிரு என்று விழித்து, "சார், நீச்சல்குளம் மூணு இருக்கு சார்" என்றாள். நீச்சல்குளம் நின்றுபோனால் உள்ளே யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள், லிஃப்ட் நின்றால் நம்மைத்தானே எழுப்புவார்கள், விடுமுறைக்குப் போன இடத்தில் நீயும் நானும் எண்ணெய்க் கையோடு நிற்கவா என்று அதை வேண்டாமென்றேன். அடுத்தது லிஃப்டே இல்லாத குட்டிக் கப்பல். எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது, முன்பணம் கட்டுகிற அளவுக்குப் போய்விட்டேன், உன் அண்ணிதான் படத்தை வாங்கி உற்றுப் பார்த்து, "கட்டில் பூரா பூவா தூவி வச்சிருக்கான், எல்லாப் படத்துலயும் ரெண்டு ரெண்டு பேரா நிக்கறாங்க, இது புதுசாக் கல்யாணம் ஆனவங்க போற கப்பல். இதுல உங்க தம்பியையும் கூட்டிட்டுப் போனா சிரிப்பாச் சிரிப்பாங்க" என்றாள். மூன்றாவது நடுத்தரமான கப்பல், வெயிலடிக்கிற கடலுக்குப் போவது, லிஃப்டும் நமக்குத் தெரிந்த கம்பெனி லிஃப்ட். அதில் ஜன்னல் இல்லாத உள்ளறை போதும் என்றேன், நாம் ஆயுள் பூரா ஜன்னல் இல்லாத கூண்டுக்குள்தானே இருந்திருக்கிறோம், பழக்கம்தானே என்று. "கடலைப் பாக்கப் போறோமா, சுவத்தைப் பாக்கப் போறோமா?" என்று அண்ணி ஒரு முறை முறைத்தாள். சரி, ஜன்னல் வைத்த அறை என்று முடிவாயிற்று. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

வினை போனில் வந்தது. அந்தப் பெண் போன் செய்தபோது நான் கூண்டின் மேல் உட்கார்ந்து இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்த ஷாஃப்டுக்குள் பேசினால் பாதி வார்த்தை சுவரில் மோதிச் செத்துப்போகும், உனக்குத் தெரியாததா? "பெரியவங்க எத்தனை பேர் சார், சின்னவங்க எத்தனை பேர்?" என்று கேட்டாள். அடடா, நம்மை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. 'பெரியவர் வரலையா, சின்னவரை அனுப்புங்க' என்று தினம் நூறு பேர் கூப்பிடுகிற வீடு இல்லையா நம்முடையது?

"பெரியவர் ரெண்டு, சின்னவர் ரெண்டும்மா" என்றேன்.

"சின்னவங்க வயசு?"

"ஒருத்தர் அம்பத்தஞ்சு, ஒருத்தர் அம்பத்து நாலு" என்றேன். 'அம்பத்து' இரண்டையும் ஷாஃப்ட் விழுங்கிவிட்டது. அவளுக்குப் போய்ச் சேர்ந்தது அஞ்சும் நாலும்.

"சாப்பாட்டுல அடம் பிடிப்பாங்களா சார்?"

"சின்னவன் பிடிப்பான்மா. காரமா இருந்தாத் தட்டைத் தள்ளிடுவான்."

"தண்ணின்னா பயமா?"

"கணுக்கால் வரைக்கும் பரவாயில்ல."

"பெரியவங்க பக்கத்துல இல்லாம தனியா இருப்பாங்களா?"

"இதுவரைக்கும் இருந்ததில்லம்மா. இருக்க மாட்டான்."

"அப்போ நாலு பேருக்கும் ஒரே ரூமாப் போட்டுடறேன் சார். கீழ உங்களுக்குப் பெரிய கட்டில். மேல சின்னவங்களுக்கு ஆளுக்கொரு மடக்குக் கட்டில், ஏறிப் படுக்க ஏணி இருக்கு."

பெற்ற பிள்ளையைப் போல ஒவ்வொன்றாக விசாரிக்கிறாளே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவள் விசாரித்தது அஞ்சு வயசுப் பையனைப் பற்றி என்று எந்த மடையனுக்குத் தோன்றும்?

அதற்கப்புறம் நடந்ததை நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா? நாம் லிஃப்ட் பார்க்கிற அந்த அடுக்குமாடியில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். லிஃப்ட் கயிறு ஏன் மாற்ற வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன், நீ பக்கத்தில் தேய்ந்த கயிற்றுத் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், ஒருத்தன் நம்மைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்து உன் பெயருக்குப் பார்சல் என்று நீட்டுகிறான். லிஃப்ட் உதிரிப்பாகம் என்று நினைத்து நீயும் அத்தனை பேர் முன்னாலும் பிரித்துவிட்டாய். உள்ளே இருந்து வருகிறது கப்பல் கம்பெனி குழந்தைகளுக்கு அனுப்புகிற சாமான்: ஒரு குட்டி மாலுமித் தொப்பி, வண்ணப் பென்சில் டப்பா, தண்ணீரில் முழுகாமல் இருக்கக் கையில் மாட்டுகிற ஊதல் பை ஒரு ஜோடி, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பெரிய பேட்ஜ்: 'நான் தொலைந்துபோனால் என் பெரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.' கீழே என் போன் நம்பர். சங்கச் செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை உரக்க வாசித்தாரே, அதோடு விட்டாரா? "சின்னவரே, கயிறு மாத்த வர்றப்போ பெரியவங்க யாராவது கூட வருவாங்கதானே?" என்று வேறு கேட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நீ கயிற்றை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாய். நாம் ஏறுவதற்கு முன்னாலேயே நம் மானம் கப்பலேறிவிட்டது, தம்பி.

அன்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கீழே லிஃப்ட் குழியிலிருந்து 'அண்ணே, மெதுவா ஏத்து' என்று கத்துகிறவன் இப்போது சுத்தியலால் இரும்பில் தட்டுகிறாய். அதிலும் ஒரு கோபத் தட்டு இருக்கிறது, எனக்குத் தெரியாமலா இருக்கும்? நான் வாங்கிவந்த டீயை ஒதுக்கிவிட்டு ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்தாய். என் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் மூக்குவரை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டாய். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். முந்தாநாள் "ஏன்டா பேச மாட்டேங்கிற?" என்று நான் வாய்விட்டுக் கேட்டபோது, விரலால் உன் கழுத்தில் இப்படியும் அப்படியும் கோடு இழுத்துக் காட்டினாய் பார், அதுதான் தாங்கவில்லை. கூடப் பிறந்தவன் கழுத்தை அறுத்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இனிமேல் இந்த வீட்டில் கப்பல் என்ற பேச்சையோ உன் பேச்சையோ யாரும் எடுக்கக் கூடாது என்று அண்ணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அதையும் அடக்கிவிட்டேன்.

தப்பு என்னுடையது, அதனால் சரி செய்கிறதும் நான்தான். இன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஏஜென்சிக்கே போய், "அம்மா, என் தம்பி குழந்தையில்ல, அவனுக்கு மீசை நரைச்சுப்போச்சு" என்று மேஜையைத் தட்டிச் சொல்லி, நாலு பேரையும் பெரியவர் ஆக்கிவிட்டேன். மடக்குக் கட்டில் அறையை விட்டுக்கொடுத்துத் தனித்தனி அறை எடுத்தேன். ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்து அறை கேட்டேன், காலி இல்லையாம். எங்களுக்கு ஒன்பதாவது தளம், உங்களுக்கு இரண்டாவது. கப்பலில் போயும் நான் மேலே, நீ கீழே. அந்தப் பெண் என்னவோ சொல்ல வந்தாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்காகவும் கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதேடா. மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், எதிரில் இருந்தால் சொல்ல வராது. தொழிலுக்கு இறங்கின நாளிலிருந்து நான் மேலே மெஷின் ரூமில், நீ கீழே குழியில். உன் முகத்தைவிட உன் குரல்தான் எனக்கு அதிகப் பழக்கம். கீழேயிருந்து அந்தக் குரல் வரும்வரை நான் ஒரு பொத்தானைக்கூடத் தொட்டது கிடையாது. இப்போது அது வராமல் மேலே தனியாக உட்கார்ந்திருக்கப் பயமாக இருக்கிறது. நீச்சல்குளம் யாருக்கு வேண்டும்? ஒரு வாரம் உன்னோடு ஒரே தளத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், கத்தாமல் பேசிக்கொண்டு உட்கார வேண்டும் என்றுதான் இந்தப் பயணத்துக்கே நான் தலையாட்டினேன். நீ வரவில்லை என்றால் நானும் போகப் போவதில்லை. முட்டைக்கண்ணனிடம் லிஃப்ட் சாவிகளைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், உன் அண்ணி என்னைக் கடலில் தள்ளட்டும்.

உன் மனைவிக்கு என் ஆசிகள். அவளையும் நாலு வயசாக்கியதற்கு வருத்தம் தெரிவித்ததாகச் சொல், வயசு குறைந்ததில் அவளுக்கு அவ்வளவாக மனத்தாங்கல் இருக்காது என்று நினைக்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கயிறு அறாமல், கூண்டு நடுவில் நிற்காமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் என்றும் பிரியமுள்ள
அண்ணன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உன் அண்ணி வந்து பிடுங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள். உன் மனைவி அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். உனக்குக் கோபமே இல்லையாமே! தொண்டை புண்ணாகி, பதினைந்து நாள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராமே! "அதைச் சொல்ல வந்தாத்தான் பேச்சை எடுக்காதேன்னு என் வாயை அடைச்சீங்களே" என்கிறாள். கூட்டத்திலிருந்து நீ எழுந்து போனதும், சிரித்தால் தொண்டை வலிக்கிறது என்று வெளியே போய்ச் சத்தமில்லாமல் சிரிக்கத்தானாம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு மொத்தத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இத்தனை வருஷம் குழியிலிருந்து எனக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தித்தான் உன் தொண்டை இப்படி ஆயிற்று என்று உன் அண்ணி சொன்னதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொன்னாள். நீ நேற்றே ஏஜென்சிக்குப் போய், குழந்தை என்றே இருக்கட்டும், எதையும் மாற்றாதீர்கள், எனக்கு மேல் கட்டில்தான் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டு வந்தாயாம். அதைத்தான் நான் இன்று மேஜையைத் தட்டி மாற்றிவிட்டு வந்திருக்கிறேன். விடிந்ததும் முதல் வேலையாக ஓடி அந்த அறையைத் திரும்பப் பிடிக்கப் போகிறேன். நம் வயசுக்கும் அந்தக் கட்டிலைத் தருவார்களாம், அந்தப் பெண் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள். தர மறுத்தால் நீ குழந்தைதான் என்று சத்தியம் பண்ணக்கூடத் தயார். இந்த ஒரு வாரம் நீ மேலே படு. உன் குறட்டையை நான் கீழேயிருந்து கேட்கிறேன்.