ஊர்த்தெருவில் பூட்ஸ்

பூட்ஸ் இரண்டையும் நாடாவில் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, முனியன் ஊர்த்தெரு முனையில் நின்று எட்டிப் பார்த்தான். வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். தெருவின் நடுவில், தன் வீட்டு வாசலில் சாய்வு நாற்காலி போட்டு மிராசுதார் வீரராகவன் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக ரயில் நேரத்துக்குத் தவறாமல் அங்கே உட்கார்ந்துவிடுகிறார்.

சண்டைக் காலம். ஆவடிப் பட்டாள டிப்போவில் மூட்டை தூக்க ஆள் எடுத்தார்கள். மிராசுதார் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக ஏர் ஓட்டிய குடும்பத்தில் சம்பளம் என்று ஒன்றைக் கையில் வாங்கிய முதல் ஆள் முனியன்தான். டிப்போவில் யாரோ ஒருவன் காலில் இரும்புப் பெட்டி விழுந்ததிலிருந்து, ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்து, அதை மாட்டாதவனைக் கேட்டுக்குள் விடக்கூடாது என்று உத்தரவு. ஊர்த்தெருவில் வேறு உத்தரவு. சேரிக்காரன் அங்கே காலில் எதையும் மாட்டக்கூடாது, கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். டிப்போ உத்தரவை ஒரு ஹவில்தார் பார்த்துக்கொண்டார். இதை ஊரே பார்த்துக்கொண்டது.

தெருவைத் தாண்டி மாட்டிக்கொண்டால் போயிற்று என்று நமக்குத் தோன்றும். அந்த நாடாவை ஓட்டை ஓட்டையாகக் கோத்து முடிச்சுப் போடுவதற்குள் முனியனுக்கு வியர்த்துவிடும். ரயிலில் மாட்டலாம் என்றால், நிற்கவே இடமில்லாத மூன்றாம் வகுப்பில் குனிய எங்கே இடம்? டிப்போ வாசலில் உட்கார்ந்து கட்டி முடிப்பதற்குள் சங்கு ஊதிவிடுகிறது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நாற்காலி முன்னுக்கு வந்தது.

"என்னடா முனியா, கழுத்துல?"

"பூட்ஸு ஆண்டே. கால்ல போடல ஆண்டே."

"அது தெரியுது. ஏன் போடலே?"

எந்தப் பதில் சொன்னாலும் உதை விழுகிற கேள்வி அது. முனியன் கும்பிட்டுவிட்டு ஓடினான். அன்றைக்கும் சங்கு முந்திக்கொண்டது.

"இன்னொரு தபா லேட்டா வா, பேரை அடிச்சுடறேன்" என்றார் ஹவில்தார்.

வீட்டில் அவன் பெண்டாட்டி வேம்புலியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "கழுத்துல மாட்டிகினு போனா திமிருன்னுதான் நெனைப்பாரு. நம்ம ஊடு கீற மனை அவுருது. தெரியுமில்ல?"

"தெரியும். வேலயும் போவக்கூடாது, ஊடும் போவக்கூடாது. நா இன்னா பண்றது?"

"கூடையில வெச்சிகினு மேல கீரைய போட்டுக்கோ. கீரை விக்கப் போறன்னு சொல்லு."

மறுநாள் கீரைக்கூடை தலையில் ஏறியது. மிராசுதார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவருக்கு இரண்டு உள்ளங்காலிலும் ஆணி. தடியை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகத் தெருவுக்கு வந்தார்.

"இறக்கு. என்ன அது?"

"முருங்கக்கீரை ஆண்டே."

தடியால் கீரையை விலக்கினார். பூட்ஸின் மூக்கு வெளியே தெரிந்தது. மிராசுதார் யாரும் பார்க்கிறார்களா என்று இருபுறமும் திரும்பிவிட்டு, ஒரு விரலால் தோலை அழுத்தினார்.

"உள்ளே மெத்து மெத்துனு இருக்குமோ?"

"தெரியாது ஆண்டே. மன்னிச்சுக்கோ ஆண்டே."

ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்த முனியன் ஹவில்தார் காலில் விழுந்தான். அவர் அவன் பெயருக்கு நேரே பென்சிலை வைத்து, அடிக்காமல் எடுத்தார். "நாளைக்குக் கடைசி" என்றார்.

கடைசி என்றதும் முனியனுக்கு ஒரு துணிச்சல் வந்தது. விடிந்ததும் வீட்டிலேயே பூட்ஸை மாட்டி, நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டு, அதன்மேல் கோணிச்சாக்கைக் கிழித்துச் சுற்றினான். இரண்டு கால்களும் பூசணிக்காய் மாதிரி ஆயின. கேட்டால் காலில் புண் என்று சொல்லிக்கொள்ளலாம். நொண்டி நொண்டி ஊர்த்தெருவில் இறங்கினான்.

"கால்ல என்னடா?"

"புண்ணு ஆண்டே."

"ரெண்டு கால்லயுமா? அந்தப் பூட்ஸ் கடிச்சிட்டுதா?" மிராசுதார் குரலே மாறிவிட்டது. "இங்கே வா. சாக்கை அவுரு, பார்க்கணும்."

"வாணாம் ஆண்டே, நாத்தம் அடிக்கும்."

"துலுக்கானம், அவனைப் புடி."

வண்டிக்காரன் துலுக்கானம் மாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தான். முனியன் நொண்டுவதை மறந்து ஓட்டம் எடுத்தான். நாலு அடியில் ஒரு சாக்கு அவிழ்ந்தது, அடுத்த நாலில் மற்றதும் போயிற்று. டக் டக்கென்று ஆணி அடித்த பூட்ஸ் ஊர்த்தெருவில் முழங்கிற்று. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைத்தன. பின்னால் மிராசுதார், "விடாதே, நல்லா ஓடவிட்டுப் பாரு" என்று ஏதோ கத்தினார். முனியனுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பயத்தோடு பயமாக அவனுக்கு ஒரு குஷியும் பிடித்துக்கொண்டது. அந்தத் தெருவில் ஒரு கல்கூட அன்று அவன் காலைக் குத்தவில்லை.

ரயில் கிடைத்தது. சங்குக்கு முன்னால் கேட்டில் நின்றான். ஹவில்தார் பூட்ஸைப் பார்த்தார், தலையை ஆட்டினார். வேலை தப்பியது.

இனி வீடு போகும். மாலையில் ஏரிக்கரையைச் சுற்றித் திருடன் போல வந்து சேர்ந்தான். வேம்புலியம்மாள் அதற்குள் சட்டிப் பானைகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

"தெருவே பேசிகினு கீது. எங்க ஆத்தா ஊட்டுக்குப் பூடலாம், வா" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போது துலுக்கானம் வந்தான். முனியன் பூட்ஸைக் கழற்றி அவன் முன்னால் வைத்தான்.

"நீயே எடுத்துகினு போ அண்ணாத்தே. இன்னிமே தொட மாட்டேன். மனையை மட்டும் புடுங்க வாணாம்னு சொல்லு."

"மனைய யாரு கேட்டா? ஆணிக்கால வெச்சிகினு ஆண்டேயால ஒரு அடி எடுத்து வெக்க முடியல. இது தோதா இருக்குமான்னு நீ மாட்டிகினு நடக்கறதப் பாக்கத்தான் தினம் வாசல்ல காத்துகினு கீறாரு. நீ இன்னிக்கித்தான் காமிச்சே."

முனியன் வேம்புலியம்மாளைப் பார்த்தான். அவள் பானையைப் பார்த்தாள்.

"டிப்போல பழைய பூட்ஸை ஏலத்துல உடறாங்களாமே. ஒரு ஜோடி புடிச்சாரச் சொன்னாரு. உன்னாண்ட கேட்டாருன்னு மட்டும் வெளிய தெரியக்கூடாதாம்."

"சரி அண்ணாத்தே. கையில மூடி எடுத்தாந்து பின்கட்டுல வெச்சிடறேன்."

துலுக்கானம் குரலைத் தாழ்த்தினான். "ஐயோ, கையில எடுத்தாந்தா யாருக்குன்னு ஊரு கேக்கும், மானம் பூடும், கால்ல மாட்டிகினே ஊர்த்தெரு வழியா வரச் சொல்றாரு."