செருப்பைத் தொலைத்தவள் கதையும் என் பெண் பார்ப்பும்

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு ஒரே வேலைதான்: வாயை மூடிக்கொண்டு கேசரி தின்பது. தேவதைக் கதைகளில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய எனக்கு அதுகூட ஒழுங்காக வரவில்லை.

செல்வி தேனி கோர்ட்டில் வக்கீல். போடியிலிருந்து கிளம்பும் காலை பஸ்ஸில் அவளைப் பார்த்துக்கொண்டே போவேன் (அவள் என்னைப் பார்த்ததற்குச் சாட்சி கிடையாது). கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, தரகரைப் பிடித்து, ஒருவழியாக அவள் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவள் அப்பாவுக்கு மலையில் ஏலத்தோட்டம். திங்கட்கிழமை ஜீப் ஏறினால் சனிக்கிழமைதான் கீழே இறங்குவார். "என்ன படிச்சிருக்கீங்க தம்பி?" என்று மரியாதைக்காகத்தான் கேட்டார். நான் பிடித்துக்கொண்டேன்.

"செருப்பத் தொலைச்ச பொண்ணு கதை இருக்குல்ல மாமா, அது ஊருக்கு ஊரு மாறும்."

சீனத்துச் சித்தி, பிள்ளை ஆசையாக வளர்த்த மீனைக் கொன்று தின்பாள். ஜெர்மனிக்காரி, செருப்பு பொருந்துவதற்காகச் சொந்த மகளின் கால்விரலையே வெட்டச் சொல்வாள். ருஷ்யாவில், மூத்தாள் மகளைப் பனிக்காட்டில் விடச் சொல்வாள். கூட வந்திருந்த என் அம்மா இருமினார். தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டுத் தொடர்ந்தேன். "எல்லாம் மாறும் மாமா, சித்தி கொடுமை மட்டும் மாறவே மாறாது!"

செல்வி 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் டீத் தட்டோடு அப்படியே நின்றார். செல்வியைப் பெற்றவள் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட, வெளியிலிருந்து எவளாவது வந்து பிள்ளையைப் படுத்திவிடக் கூடாதென்று இறந்தவளின் தங்கையையே அப்பாவுக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள். இதைத் தரகர் ஆட்டோவிலேயே சொன்னாராம். நான் அப்போது செல்வியிடம் பேச வேண்டிய முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வாக்கியத்துக்கு வேலையே வரவில்லை. அவளே பேசினாள்.

"இத்தன கொடும நடக்கயில அந்தப் பிள்ளையோட அப்பா எங்க இருந்தாரு?"

"சில கதையில செத்துப்போயிருப்பாரு."

"மத்த கதையில?"

"வீட்லதான் இருப்பாரு."

"ருஷ்யாவுல காட்டுல கொண்டுபோய் விட்டது யாரு?"

"அப்பாதான்" என்றேன்.

"அவரப் பத்தி உங்க ஆராய்ச்சியில என்ன எழுதியிருக்கீங்க?"

ஒரு வரிகூட எழுதவில்லை. பட்டம் கொடுத்தவர்களும் கேட்கவில்லை.

"என்னய வளத்தது எங்கம்மா. எங்கப்பா மலையில இருந்தாரு" என்றாள். அவள் அப்பா தரையைப் பார்த்தார். அதன்பிறகு அந்த வீட்டில் எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் தரகர் வந்து, ஜாதகம் பொருந்தவில்லையாம் என்றார். (பொருத்தம் பார்த்த பிறகுதான் போனோம்.) செல்விக்குக் கம்பத்தில் வேறு மாப்பிள்ளை அமைந்தது. நான் அந்தக் காலை பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போக ஆரம்பித்தேன்.

எனக்கும் பிறகு கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாள். அவள் அழும் நேரம் பார்த்து நான் மெல்ல நழுவினால், "இந்தக் கதையில அப்பா எங்க?" என்று அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன்.

ஒன்றை மட்டும் இவர்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை. அன்று நான் வாசலில் குனிந்து செருப்பு மாட்டும்போது அந்தச் சித்தி பின்னாலேயே வந்தார்.

"நல்லாத்தான் சொன்னீங்க தம்பி" என்றார். "சின்னப் பிள்ளையில எனக்கும் அந்தக் கதைன்னா உசுரு."