மணமேடையில் ஒரு வேகப்பந்து வீச்சாளர்

முப்பது வயதை நெருங்கும் எந்த ஆணிடமும், "காலேஜ்ல நீங்க பயங்கர ஃபாஸ்ட் பௌலராமே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சமைக்கத் தெரியுமா என்று கேளுங்கள், நீச்சல் தெரியுமா என்று கேளுங்கள், ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல மாட்டான். நிரூபிக்கக் கிளம்பிவிடுவான்.

என்னிடம் அப்படிக் கேட்டவன் பிரபு. எனக்கு நிச்சயமாகியிருந்த நந்தினியின் தம்பி. ஆனைமலையில் அவன் ஆடிக்கொண்டிருந்த டீமில் வேகமாகப் பந்து போடுகிறவர் பைக்கிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் ஃபைனல்.

"நீங்க வந்தாத்தானுங் மச்சான் ஜெயிக்க முடியும். ஆனா அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சுபோடக் கூடாதுங்க" என்றான்.

(உண்மையில் நான் காலேஜில் பயங்கர ஃபாஸ்ட் பௌலர் இல்லை. பயங்கரமான பௌலர். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். வருங்கால மச்சினன் கேட்கும்போது அதையெல்லாம் யார் விளக்கிக்கொண்டிருப்பார்கள்?)

அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று அவன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நந்தினி பிசியோதெரபிஸ்ட். கோயம்புத்தூரில் விளையாட்டுக்காரர்கள் நொண்டிக்கொண்டு வரும் ஒரு கிளினிக்கில் வேலை. அதிலும் பாதிப் பேர் வேகப்பந்து வீச்சாளர்கள் என்று போனில் அடிக்கடி சொல்வாள். "உடைச்சுக்கறதுக்குன்னே பந்து போடுவாங்களாட்ட இருக்குதுங்க" என்பாள். நானும் ஏதோ அயலூர் சேதி கேட்பதுபோல "அப்படியா, பாவம்" என்பேன்.

நான் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிற வேலை. உடற்பயிற்சி என்று பார்த்தால் மாடி கேன்டீனுக்கு ஏறி இறங்குவதுதான். அதுவும் லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில். அப்படிப்பட்டவன் ஃபைனலுக்காக வேலை முடிந்ததும் நேராக மைதானத்துக்குப் போய், இருட்டும்வரை ஓடி ஓடிப் பந்து போட ஆரம்பித்தேன். முதல் வாரம் தொடை பிடித்தது. அடுத்த வாரம் தோள்பட்டை. அதன்பிறகு வலி இல்லாத இடம் எது என்று தேட வேண்டியிருந்தது. உடம்பு இறுகி ஃபார்முக்கு வருகிறது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஃபைனல் அன்று கேப்டன் பந்தைக் கையில் கொடுத்ததும் ஓட்டத்தைத் தொடங்க நான் பின்னோக்கி நடந்த நடையைப் பார்த்து, வீட்டுக்குத்தான் போகிறேனோ என்று சந்தேகப்பட்டு அம்பயர் கூப்பிட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து ஓடிவந்தேன். முதல் பந்து வைடு. இரண்டாவதும் வைடு. மூன்றாவதை விக்கெட் கீப்பரே பார்க்கவில்லை. அடுத்த ஓவரில் என்ன நடந்ததென்று எனக்கே புரியாமல் ஒரு ஸ்டம்ப் பறந்தது. பிரபு ஓடிவந்து என்னைத் தூக்கினான். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கடைசி ஓவர். முன்கால் தரையில் பதிந்தது, உடம்பு வளைந்தது, கை சுழன்றது. இடுப்புக்கு மேலே இடது பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். (வெளியே யாருக்கும் கேட்கவில்லை என்கிறார்கள். எனக்குக் காங்கேயம் வரை கேட்டிருக்கும் என்று தோன்றியது.)

"என்னாச்சுங் மச்சான்?"

"ஒண்ணுமில்ல. ஷூ லேஸ்."

ஷூ லேஸைக் கட்டக் குனிய முடியாமல் நின்றபடியே மீதிப் பந்துகளையும் போட்டு முடித்தேன். அத்தனைக்கும் பிறகு நாங்கள் தோற்றோம்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்து அறையில் பிரபு என் சட்டையைத் தூக்கி, கிரிக்கெட் கிட்டிலிருந்த வலி ஸ்ப்ரேயைப் பாதி டப்பா அடித்தான். மேடைக்குப் போய் உட்கார்ந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை கம்பீரம்" என்று பின்னால் ஒரு அம்மா சொன்னார். சாய்ந்தால் உயிர் போகும் என்பது அவருக்குத் தெரியாது. தாலி கட்டத் திரும்பியபோது என் கண்ணில் நீர் வந்தது. அதைப் பார்த்து என் அத்தையும் அழுதார்.

தாலி கட்டியாகிவிட்டது. இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் அதற்கப்புறம்தான் மாப்பிள்ளைக்கு வேலையே என்பதை மறந்துபோனேன். பெரியவர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழ வேண்டும்.

வரிசையில் முதலில் நின்றவர் நந்தினியின் பெரியப்பா. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு, முறுக்கிய மீசை, ஒரு சொல்லுக்கு மறுசொல் கேட்டுப் பழகாதவர். நந்தினி சட்டென்று குனிந்து விழுந்து எழுந்தாள். நான் குனியப் பார்த்தேன். முதுகு சம்மதிக்கவில்லை. ஏதாவது செய்தாக வேண்டுமே என்ற பதற்றத்தில் வலது கையை நீட்டினேன். கைகுலுக்க.

நாதஸ்வரக்காரர்கூட ஒரு கணம் வாசிப்பை நிறுத்தியதாக ஞாபகம்.

பெரியப்பா என் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏனுங் மாப்பிள்ளை, எங்களுக்கெல்லாம் கை குடுத்தாப் போதும்னு முடிவு பண்ணிபோட்டீங்களாட்ட இருக்குது?" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர்கள் முகமெல்லாம் மாறியது. படித்த திமிர் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. கீழே என் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

நந்தினி என் பக்கம் லேசாகச் சாய்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"காலையிலிருந்து பாக்கறேன், மல்லிகைப்பூவையும் தாண்டி ஒரு வாசம் வருது. ஸ்ப்ரேதானுங்க?"

நான் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்துவைத்தேன்.

"எந்தப் பக்கம் வலி?"

"இடது பக்கம். கீழ் முதுகு."

"வலது கையிலதான பந்து போடுவீங்க?"

பந்து என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை! பக்கத்தில் தோழனாக நின்றிருந்த பிரபு மெதுவாக நகர்ந்தான். "நில்லுடா" என்றாள் நந்தினி. நின்றான். அவள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கே மொத்தக் கதையையும் அவளிடம் ஒப்புவித்துவிட்டான்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், கட்டிய தாலியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாளோ என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் பெரியப்பாவிடம் திரும்பி, மேடைக்கே கேட்கும்படி, "பெரியப்பா, அவருக்குத் திமிரெல்லாம் இல்லீங்க. பந்து போட்டு முதுகை ஒடிச்சுபோட்டாருங்க. குனிஞ்சா நாளைக்கு நான்தான் தூக்கிட்டுத் திரியோணும். நீங்க கொஞ்சம் மேல ஏறி நில்லுங்க" என்றாள்.

"எங்க கண்ணு ஏறறது?"

"டேய் பிரபு, சேர் எடுத்துட்டு வா. ரெண்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு எடுத்துட்டு வா. ஒத்தைச் சேர் பெரியப்பாவைத் தாங்காது."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிரபுவின் தோளைப் பிடித்து, அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்றார். நான் முதுகை நிமிர்த்தியபடி முழங்காலை மட்டும் மடக்கி அவர் பாதத்தைத் தொட்டேன். மேலேயிருந்து அட்சதை விழுந்தது. கூடவே ஒரு சிரிப்பும். அவர் மீசைக்கு அடியிலிருந்து வந்த அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் மண்டபமே மூச்சு விட்டது. அதன்பிறகு வரிசையே நாற்காலிக்கு மாறிவிட்டது. ஒவ்வொருவராக ஏறினார்கள், ஆசீர்வதித்தார்கள், இறங்கினார்கள். ஏற முடியாதவர்களை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள்.

நடுநடுவே போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே நந்தினி எனக்குப் பாடம் நடத்தினாள்.

"ஓடி வர்ற வேகத்தை முன்கால்ல திடீர்னு நிறுத்தறீங்க. அந்த அடி பாதத்தோட நிக்காதுங்க, முட்டி, இடுப்புன்னு முதுகு வரைக்கும் ஏறும். அதே நேரத்துல உடம்பைப் பக்கவாட்டுல சாச்சு முறுக்கறீங்க. வலது கைக்காரருக்கு மொத்தமும் இடது பக்க எலும்புல போய் விழும். வாங்க சித்தி, ஏறுங்க. ஒரு பந்துன்னா பரவால்ல. திரும்பத் திரும்ப அதே எடத்துல. உங்க பம்ப் ஷாஃப்ட் எப்படிங்க விரிசல் விடுது?"

"திரும்பத் திரும்பச் சுமை ஏறினா."

"அதேதான். சதை சீக்கிரம் பழகிக்கும், எலும்பு பழக நாளாகும். தினமும் போடறவங்களுக்கே அப்படி. நீங்க வருசக்கணக்கா ஒக்காந்திருந்துட்டுத் திடீர்னு இறங்குனா? அதுலயும் வலிச்சா இந்த ஆளுங்க வாயத் தொறக்க மாட்டாங்க. சிரிங்க, போட்டோ எடுக்கறாங்க."

ஷாஃப்ட் ஏன் உடைகிறது என்று சம்பளம் வாங்கிக்கொண்டு படம் போடுகிறவனுக்குத் தன் முதுகைப் பற்றி ஒருத்தி மணமேடையில் சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்கேனில், எலும்பு இன்னும் விரிசல் விடவில்லை, விடத் தயாராக இருக்கிறது என்றார்கள். தேனிலவுக்கென்று போட்டிருந்த வால்பாறைப் பயணம் ரத்து. கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றியிருக்க வேண்டிய நாட்களை மாமனார் வீட்டில் மல்லாந்து படுத்து, பெண்டாட்டி சொல்கிறபடி ஒரு காலைத் தூக்கி இறக்கிக் கழித்தேன். பெரியப்பா தினமும் இளநீரோடு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார். நான் காலைத் தூக்கி இறக்குவதை வேடிக்கை பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு உற்சாகம்.

இப்போது என் முதுகு நன்றாக இருக்கிறது. பந்தைத் தொடுவதில்லை. போன மாதம் அந்தியூரில் சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம். பெரியப்பா வந்திருந்தார். வயதாகிவிட்டது, கையில் தடி. நான் வேகமாகப் போய் அவர் காலில் விழக் குனிந்தேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங் மாப்பிள்ளை, சேர் வரட்டும்."

"இப்ப நல்லாக் குனிய வருதுங் மாமா."

"உங்களுக்கு வருமுங்க. எனக்குத்தான் தரையில நின்னு ஆசீர்வாதம் பண்ணினா, பண்ணுன மாதிரியே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுக் கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தடியை நந்தினியிடம் கொடுத்துவிட்டு ஏறத் தயாரானார்.