ஏழாவது தகடு

கணக்கு வரி என்றது, தகடு வழவழ என்றது. நடுவில் பார்முலா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

லேசரால் இரும்பை வெட்டினால் ஓரத்தில் சீப்புப் பல் போல வரி விழும். எந்த வேகத்துக்கு எத்தனை வரி என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கை அவன் கம்ப்யூட்டரில் எழுதியிருந்தான். அதனால்தான் பட்டறையில் அவனுக்கு 'பார்முலா' என்று பெயர். மில்லிமீட்டருக்கு நான்கு வரி என்று முதல் நாள் கம்ப்யூட்டர் போட்டுத் தந்த படத்தை ஆசையாகச் சுவரில் ஒட்டினான். வெட்டி வந்த தகட்டிலோ மருந்துக்குக்கூட வரி இல்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வருகிறார். கணக்கும் தகடும் ஒத்துப்போகாவிட்டால் பழையபடி ஸ்டோரில் போல்ட் எண்ண வேண்டியதுதான்.

"அக்கா, வேகத்தைக் கூட்டி இன்னொண்ணு வெட்டச் சொல்லுங்க."

தகடுகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவரும் பட்டறை அக்கா தலையாட்டினாள். "ஆபீசுக்குத்தானே தம்பி? நல்லாவே கொண்டாரேன்."

வந்தது. கண்ணாடி மாதிரி வழவழ! காற்றழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தான். அதுவும் கண்ணாடி. சரி, தப்பு நம்மிடம்தான் என்று கணக்கில் கை வைத்தான். சூட்டைக் குறைத்தால் திரையில் தகடே வெட்டுப்படவில்லை. கூட்டினால் மேசையும் சேர்ந்து வெட்டுப்பட்டது. ஆறாவது தகடும் வழவழவென்று வந்ததும், வரி போடும் பகுதியையே தூக்கிக் கடாசினான். இப்போது எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் 'வழவழ' என்றது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஆறு தகடுகளையும் தடவிப் பார்த்தார்.

"பிரமாதம்! சரி, லேசரையே அணைச்சு வச்சா?"

கம்ப்யூட்டரில் தட்டினான். வழவழ.

"வெட்டாமலே வெட்டுதே!"

"அது... கொஞ்சம் கூடுதல் திறமை சார்."

"ஸ்டோர்ல போல்ட் நிறைய சேர்ந்துபோச்சுப்பா."

அவன் அவசரமாக வாசலை எட்டிப் பார்த்தான். "முதல் நாள் வேகத்துலயே இன்னொரு தகடு வெட்டச் சொல்லியிருக்கேன் சார். அதையும் பார்த்துடுங்க."

அக்கா தயங்கித் தயங்கி உள்ளே வந்து ஏழாவது தகட்டை நீட்டினாள். தடவிய மேனேஜரின் விரல் நின்றது. தகட்டைச் சுவர்ப் படத்தின் பக்கத்தில் பிடித்து எண்ணினார். மில்லிமீட்டருக்கு நான்கு வரி, அச்சு அசல்.

"முதல் கணக்கே சரிதானேய்யா! அப்போ அந்த ஆறு?"

அக்கா கையைப் பிசைந்தாள்.

"கோச்சுக்காதீங்க சார், ஆபீஸ்காரங்க கையைக் கீறிடுமேன்னு அந்த ஆறையும் அரம் போட்டு வழவழன்னு ராவித்தான் கொண்டாந்தேன், இன்னிக்குன்னு பார்த்து அரம் உடைஞ்சுபோச்சு!"