பிடரியில் இருபது முடி

பிடரி முழுக்க மழித்து முடித்த பிறகுதான் ராசப்பனுக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

கபிலர்மலை முடிக்கொட்டகையில் அவர் போட்ட கூச்சலில் நாவிதர் கத்தியோடு இரண்டடி பின்னால் போனார்.

"வெட்டிப்போடுச்சுங்களா?" என்று பதறினாள் மனைவி பூங்கொடி.

"முடி போச்சு அம்மிணி! அதைத்தானே டாக்டரம்மா கேட்டாங்க!"

ராசப்பன் டிரெய்லர் லாரி டிரைவர். வலது கெண்டைக்காலில் பைக் சைலன்சர் சுட்ட புண் எட்டு மாதமாக ஆறவில்லை. பிரேக்கை மிதித்தால் உயிர் போனது. புதுச்சத்திரத்து வீட்டில் சும்மா கிடந்தவருக்குச் சேலத்து டாக்டர் கிருத்திகா போன வாரம்தான் ஒரு வழி சொன்னார்.

"முடியோட வேர்ல ஸ்டெம் செல் இருக்குங்க. புதுத்தோல் உண்டாக்குற சக்தி அதுக்கு உண்டு. உங்க பிடரியிலிருந்து இருபது முடிய வேரோட எடுத்துப் புண்ணுல நடுவோம். அதைச் சுத்தித் தோல் வளர்ந்து மூடிக்கும். வியாழக்கிழமை வந்துருங்க."

நல்லபடியாக நடக்க வேண்டுமே என்று பூங்கொடி முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள். அவருடைய மொட்டையை. அவரைக் கேட்காமலே.

"முன்னால கொஞ்சம் இருக்குதுங்களே, அத வெச்சுக்கலாமா?" என்றாள் இப்போது.

"பிடரின்னு தெளிவாச் சொன்னாங்க. பாதி மொட்டையோட எப்படிப் பஸ் ஏறுறது?"

மீதியும் போனது.

வீட்டுக்கு வந்ததும் பூங்கொடியின் தம்பி ஜீவானந்தம் தோள்வரை தொங்கிய தன் முடியைச் சிலுப்பிக் காட்டினான். "இருபது என்னங்க மாமா, இருநூறு எடுத்துக்கட்டும்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அடுத்தவர் முடியை உடம்பு ஏற்றுக்கொள்ளாது என்று சொல்லிவிட்டார்கள்.

"மொட்டைன்னு தெரிஞ்சா தேதியத் தள்ளிப்போட்டுருவாங்க மாப்ள. அடுத்த மாசம் ஓனர் வேற ஆளை வண்டியில ஏத்திருவாரு," என்றார் ராசப்பன்.

ஜீவானந்தம் யோசித்தான். அவன் யோசித்தாலே அந்த வீட்டில் ஏதாவது வம்பு வந்து சேரும்.

வியாழக்கிழமை காலை, அம்மாபேட்டையில் நாடகச் சாமான் வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஒரு டோப்பா வந்தது. ராஜபார்ட் டோப்பா. காதை மூடிச் சுருள் சுருளாக இறங்கியது.

"மொதல்ல உள்ள போயி கட்டில்ல படுத்துருங்க மாமா. படுத்த ஆளை எழுப்பி அனுப்ப மாட்டாங்க."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ராசப்பன் குப்புறப் படுக்க, பூங்கொடி பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் கிருத்திகா வந்து நின்றார். குனிந்து அந்தச் சுருள்களை உற்றுப் பார்த்தார்.

"ராசப்பன், ஒரே வாரத்துல இவ்வளவு முடியா?"

"கறிவேப்பிலை நெறையத் திங்கறனுங்க," என்றார் தலையணைக்குள்.

டாக்டர் பிடரிச் சுருளை விலக்கப் பார்த்தார். மொத்தமும் கையோடு வந்தது. அவர் போட்ட அலறலில் டோப்பா எகிறிப் பூங்கொடியின் மடியில் விழ, அவளும் அலறினாள்.

ராசப்பன் எழுந்து கைகூப்பினார். "மன்னிச்சுருங்க டாக்டரம்மா. கோயில்ல மறந்தாப்புல குடுத்துப்போட்டனுங்க. முடி மொளைச்சதும் ஓடி வாரேன். ரத்து மட்டும் பண்ணிப்போடாதீங்க. எனக்கு வண்டிய உட்டா வேற தெரியாதுங்க." கண்ணில் நீர் முட்டியது.

டாக்டர் அவருடைய பிடரியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இரண்டு நாள் முடி சொரசொரத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் வாசலைக் கை காட்டினார்.

அங்கே தட்டும் தண்ணீருமாக நின்றிருந்த வார்டு ஊழியர் செங்கோடன்தான் சொன்னார்: "வேரு தோலுக்குள்ளதானுங்க இருக்குது, மழிச்சுப்போட்டுத்தான் எடுப்பாங்க, உங்க பிடரிய மழிக்கறதுக்குத்தானுங்க நான் காத்தால இருந்து ரேசரோட நிக்கறேன்!"